மூன்று விரல் தடம்

முத்தாத்தாள் வீட்டுப் பால்கோவாவை எந்தக் கடையில் வைத்து விற்றாலும் எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் மேலே மூன்று விரல் தடம் இருக்கும். ஆறிய கோவாவைக் காகிதத்தில் வைத்துப் பெட்டியை மூடுவதற்கு முன்னால், அவள் வலது கையைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, நடு மூன்று விரல்களால் ஒரு அழுத்து அழுத்துவாள். நனைக்காவிட்டால் கோவா விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அழுத்தம் கூடினால் நெய் கசியும். குறைந்தால் தடம் விழாது. அந்த வேலையை அவள் வேறு யாருக்கும் விட்டதில்லை. மகன் சிவபாண்டி ஒரு தடவை ஆசைப்பட்டு அழுத்திப் பார்த்தான். "ஏலே, எருமை மிதிச்ச மாதிரி இருக்கு, அங்கிட்டுப் போ" என்று விரட்டிவிட்டாள்.

நான் அவர்களுக்கு எதிர்வீடு. பெயர் அய்யம்மாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அடுத்த வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று ஒதுங்கிப் போகிற ஆள் நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டுப் பின்கட்டில்தான் கோவா அடுப்பு. புளியங்கட்டையும் முந்திரித் தோடும் எரியும். முத்தாத்தாளின் புருஷர் கண்ணுச்சாமி துடுப்பைப் பிடித்தால், பால் சுண்டித் திரண்டு சட்டியை விட்டு விலகி வரும்வரை கையை எடுக்கமாட்டார். வேர்வை கண்ணில் இறங்கினால் தோளில் துடைத்துக்கொள்வார். பேசவும் மாட்டார். அந்த வீட்டில் பேச்சு, சட்டம், தீர்ப்பு எல்லாம் முத்தாத்தாள்தான்.

அவள் போட்ட சட்டங்களில் முக்கியமானது, அடுப்படிக்குள் சோப்பு வரக்கூடாது. பால் எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும் என்பாள். அது பொய்யில்லை. சிவபாண்டி ஒரு நாள் வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து கோவாவைத் துண்டு போட்டான். சரக்கு எடுக்கிற கடைக்காரர் மைதீன் பிச்சை பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, கோவாவுக்குப் பவுடர் அடிச்சு அனுப்பியிருக்கீக?" என்று கேட்டார். முத்தாத்தாளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து கை கழுவுவது கிணற்றுத் தண்ணீரில் மட்டும். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை என்று அதையும் சேர்ப்பதில்லை. அவளுக்குச் சுத்தம் என்றால் வாடை இல்லாமல் இருப்பது. அந்தச் சுத்தத்தில் அவளை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தளவாய்புரத்திலிருந்து செல்வலட்சுமி மருமகளாக வந்தாள். மைக்ரோபயாலஜி படித்த பெண். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிற லேப்பில் வேலை. தண்ணீர், பால், ஓட்டல் சாப்பாடு என்று எதைக் கொடுத்தாலும் அதில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற இடம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அவள், "அவிய வீட்டுல கக்கூஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இல்லை. ஆண்களும் பெண்களும் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டித் தந்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்றாள் பெண். சிவபாண்டிக்கு அவளைப் பிடித்துப்போயிருந்ததால் கட்டினான். பின்கட்டில் ஒரு மூலையில் கிணறு, எதிர்மூலையில் கக்கூஸ். வேறு இடம் இல்லை.

முத்தாத்தாள் அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. "சாமிக்குப் படைக்கிற பண்டம் செய்யிற எடத்துல இதா?" என்றாள். விடிவதற்கு முன் சொம்போடு கண்மாய்க்குப் போவாள். கரையில் கை கால் கழுவிக்கொண்டு வந்து, கிணற்றடியில் நாலு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள். மழைக்காலத்திலும் அப்படித்தான்.

செல்வலட்சுமியும் நானும் ஒரே பஸ். இரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து சீட். அவள் வீட்டில் வாயைத் திறக்கமாட்டாள். பஸ் ஏறினால் மூடமாட்டாள். இந்தக் கதையில் பாதி அந்த சீட்டில் கேட்டதுதான்.

ஆனி மாதக் கடைசி. மேற்கே மலையில் சாரல் இறங்கி, ஊருக்குள் காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு வந்தது. ஆடிப்பூரத் தேர் வரப்போகிறது. வெளியூர்க் கூட்டம் வந்து குவியும். அந்தச் சமயத்து வியாபாரத்தை நம்பித்தான் கோவா அடுப்புகள் வருஷம் முழுக்க எரிகின்றன. ஒரு சாயங்காலம் செல்வலட்சுமி திறக்காத தூக்குச்சட்டியோடு பஸ் ஏறினாள்.

"ஏட்டி, மத்தியானம் திங்கலையா?"

"எறங்கலக்கா."

"என்ன விசேஷமா?"

"அதெல்லாம் இல்ல." தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு லேப்புக்கு ஒரு பால்கோவாப் பெட்டி வந்துச்சு. செட்டியார்பட்டியில நிச்சயதார்த்தமாம். தின்ன பிள்ளைகளுக்கெல்லாம் வாந்தி, வயித்தோட்டம். ஒரு பிள்ளைக்கு குளுக்கோஸ் ஏத்தியிருக்கு. பொண்ணோட தாய்மாமன் மிச்சப் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டாரு. பெட்டி மேல கடைப் பேருதான் இருந்துச்சு. தொறந்தேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்தேன்.

"மூணு விரலுக்கா" என்றாள்.

"லேப்புல ஒங்க மேடத்துக்கிட்டச் சொன்னியா?"

"சொல்லல. ஒண்ணும் முளைக்கக் கூடாதுன்னு கும்பிட்டுக்கிட்டே தட்டுல தடவி வச்சுட்டு வந்திருக்கேன்."

கோவாவில் ஒரு துளியைக் கரைத்து, கிருமிக்குத் தீனி போட்ட தட்டில் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிடுவார்களாம். கண்ணுக்குத் தெரியாதது விடியும்போது கூட்டம் கூட்டமாகக் கண்ணுக்குத் தெரியுமாம். மறுநாள் சாயங்காலம் பேசினாள்.

"பொன்வண்டு பாத்திருக்கீகளாக்கா? அதோட முதுகு பச்சையா மினுங்குமே, தட்டு முழுக்க அப்படி மினுங்குது. எனக்கு அதப் பாத்தா எப்பவும் அழகா இருக்கும். இன்னைக்குப் பாக்க முடியல."

"அது என்ன கிருமி?"

"ஈகோலை. எல்லார் குடல்லயும் இருக்கிறதுதான். உங்க வயித்துலயும் இருக்கு, என் வயித்துலயும் இருக்கு."

"என் வயித்துல எதுக்குட்டி அது?"

"அது பாட்டுக்கு இருக்கும். ஒரு தொந்தரவும் இல்ல. திங்கிற பண்டத்துல இருந்தாத்தான் தப்பு. யாரோ ஒருத்தர் வயித்துலேருந்து வெளிய வந்து, எப்படியோ பண்டத்துக்கு வந்திருக்குன்னு அர்த்தம். இதுல சாதுவும் உண்டு, ஆளப் படுத்தி எடுக்கிறதும் உண்டு."

பச்சை மினுக்கம் மட்டும் போதாதாம். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாளாம், இளஞ்சிவப்பில் குட்டைக் குட்டைக் குச்சிகள். ஒரு குழாயில் அதை வளர்த்து மருந்து விட்டால் மேலே சிவப்பு வளையம் கட்ட வேண்டும், கட்டியது. இன்னொரு குழாயில் நிறம் மாறாமல் இருக்க வேண்டும், மாறவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் இது வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் அதுவேதான் என்று வந்திருக்கிறது. கடைசியில் லேப்பை நடத்துகிற ஃபாயிஸா மேடத்திடம் போய், "மேடம், இது எங்க வீட்டுச் சரக்கு" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அந்தம்மா திட்டவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாராம். பிறகு, "இனிமே இதை நீ தொடாதே. நானே முதல்லேருந்து செய்றேன், கையெழுத்தும் நான்தான் போடுவேன்" என்றிருக்கிறார். அவர் செய்தபோதும் அதே முடிவுதான் வந்தது.

தாய்மாமன் நல்ல மனுஷர். கடைக்காரர் மைதீன் பிச்சையைக் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் தெருவுக்கு வந்தார். "நான் ஆபீசர்மாருகிட்டப் போகல. ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணுங்க. சுத்தம்னு லேப்புல காயிதம் வாங்கிக் காட்டுங்க. காட்டாம ஒரு பெட்டி வெளிய போனாலும் நான் சும்மா இருக்கமாட்டேன்" என்றார். மைதீன் பிச்சை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மற்றக் கடைகளும் அன்றைக்கே சரக்கைத் திருப்பி அனுப்பின. தேருக்கு முன் அந்தக் காகிதம் வரவில்லையென்றால் அந்த வீட்டு அடுப்பு அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் தெருவே பின்கட்டில் கூடியது. நானும் போனேன். கிணற்றையும் கக்கூஸையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது; சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கிணறு ஒரு மூலை, கக்கூஸ் ஒரு மூலை. குழியிலிருந்து கசிந்து கிணற்றுக்கு வந்திருக்கிறது.

"அன்னைக்கே சொன்னேன்" என்றாள் முத்தாத்தாள். சத்தம்கூடப் போடவில்லை. "படிச்ச பிள்ளை கேக்குதுன்னு கட்டுனான். நான் வேண்டாம்னேன். இம்புட்டுக் காலமா இல்லாத பூச்சி இப்ப எப்படி வந்துச்சு?"

செல்வலட்சுமி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். கண்ணுச்சாமி உள்ளே போய்ப் பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தேடி எடுத்துவந்து கக்கூஸ் கதவில் மாட்டினார். சாவியை முத்தாத்தாள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து விடியும் முன் மாமியாரும் மருமகளும் கண்மாய்க்குப் போனார்கள். முத்தாத்தாள் முன்னால் சொம்போடு, இவள் பின்னால் செல்போன் வெளிச்சத்தோடு. கரையில் பைக் போகும் சத்தம் கேட்டால் இவள் பாதியில் எழுந்து நின்றுவிடுவாளாம். "எங்க வீட்டுக்கு வாடி" என்று கூப்பிட்டேன். இரண்டு நாள் வந்தாள். மூன்றாவது நாள் முத்தாத்தாள் என் வாசலில் வந்து நின்று, "ஏட்டி அய்யம்மா, என் மருமக அடுத்த வீட்டு வாசல்ல சொம்போட நின்னா ஊரு என்னையல்லா கேக்கும்?" என்றாள். அதோடு அதுவும் நின்றது. செல்வலட்சுமி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். காலையில் பஸ்ஸில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பஞ்சு மார்க்கெட் வந்ததும் லேப் கக்கூஸுக்கு ஓடுவாள். எனக்கு அந்த வீட்டின்மேல் அப்படிக் கோபம் வந்தது.

"கெணத்துத் தண்ணிய நீயே சோதிச்சுப் பாரேன்" என்றேன்.

"எடுத்துட்டுப் போயிருக்கேன்க்கா. மேடம்தான் பாக்காவ."

இரண்டு நாள் கழித்து மேடம் முடிவைச் சொன்னாராம். கிணற்றுத் தண்ணீரில் ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் ஒன்றுமில்லை. கிணறு சுத்தம். கக்கூஸ்மேல் தப்பில்லை.

நான் பஸ்ஸிலேயே கையைத் தட்டிவிட்டேன். "போயி அந்தப் பூட்ட ஒடைக்கச் சொல்லுட்டி!"

அவள் சிரிக்கவில்லை. "கொதிச்சுச் சுண்டுனதுல அது உசுரோட இருக்காதுக்கா. ஆறுன பொறவுதான் வந்திருக்கு. ஆறுன பொறவு கோவாவத் தொடுறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு தண்ணி. தண்ணி இல்லன்னு ஆயிப்போச்சு."

இன்னொன்று அந்த மூன்று விரல் என்று எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லேப்பிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சிகளை எடுத்துவந்தாள். நானும் அங்கே இருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தால்தான் காகிதம் தருவார்கள் என்று சொல்லி, துடுப்பில் தடவினாள், தட்டில் தடவினாள், மாமனார் கையில், சிவபாண்டி கையில். கடைசியாக மாமியாரிடம் வந்தாள். குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முத்தாத்தாள் தானே கையை நீட்டினாள்.

"என்னட்டி தயங்குத? எடுத்துக்கோ. நல்லா அழுத்தி எடு. ஊரே இந்தக் கையத் தின்னு வளந்தது. பால் வாடையத் தவிர இதுல ஒண்ணு இருக்காது."

அந்த விரல்களை அன்றுதான் நான் பக்கத்தில் பார்த்தேன். சூட்டில் நுனி தடித்து, குறுக்கே வெடிப்பு வெடிப்பாக இருந்தது. நகத்தைச் சுற்றித் தோல் பிளந்திருந்தது. செல்வலட்சுமி ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகக்கண் வரைக்கும் குச்சியை உருட்டி எடுத்தாள். முத்தாத்தாளுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். மருமகள் தன் கையைப் பிடித்திருக்க அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை சாயங்காலம் செல்வலட்சுமி பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா கையில இல்ல. எங்க வீட்டு அவிய கையில இல்ல. துடுப்புல, தட்டுல எதுலயும் இல்ல. அத்தை கையில பச்சையா மினுங்குது."

"அது வேற ஈகோலையா இருக்கலாம்லா? எல்லார் வயித்துலயும் இருக்குன்னு சொன்னியே."

"அதுக்கும் பாத்தாச்சுக்கா. தட்டுல மருந்து ஊறுன சின்னச் சின்ன காயித வட்டத்த வைப்போம். கிருமிக்கு அந்த மருந்து ஆகாதுன்னா சுத்தி வெறும் இடமா விட்டுத் தள்ளி முளைக்கும். மருந்துக்கு அடங்காததுன்னா வட்டத்தத் தொட்டுக்கிட்டு முளைக்கும். ஒவ்வொண்ணும் எதுக்கு அடங்கும், எதுக்கு அடங்காதுன்னு ஒரு குணம் உண்டு. செட்டியார்பட்டிப் பெட்டியில வந்ததையும் அத்தை கையில வந்ததையும் மேடம் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுனாவ. ரெண்டு தட்டும் ஒண்ணுபோல இருக்கு. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, ஆனா ஒண்ணுதான்னு மேடமும் சொல்லுதாவ."

"சோப்புப் போடாத குத்தம்" என்றேன். "கண்மாயில அலம்பிட்டு வந்து நேரா கோவாவுலல்லா வைக்காவ. சொல்லிரு. இன்னைக்கே சொல்லிரு. கக்கூஸக் குத்தம் சொன்னாவள்லா, மூஞ்சிக்கு நேராச் சொல்லு."

"சொல்லணும்க்கா" என்றாள்.

அன்று மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது முதலில் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். சிவபாண்டி எடுத்த துணியைத் திரும்பக் கொடியிலேயே போட்டானாம். "அம்மா கைன்னு மட்டும் சொல்லிராத செல்வி. அது செத்துப்போவும். வேற என்ன வேணும்னாலும் சொல்லு" என்று கும்பிட்டானாம். இதை மறுநாள் காலையில் அவள் சொன்னபோது, "அப்ப நீ கண்மாய்க்குப் போயிட்டே இருப்பியா?" என்று கேட்டேன். "அவியகிட்ட அதத்தான் கேட்டேன். அழுதாவளே ஒழிய பதில் சொல்லல" என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் வைத்த சுண்டவத்தல் குழம்பு கொஞ்சம் கொடுக்கப் போகிறேன் என்று சாக்கு. நான் நின்றால் அவளுக்குச் சொல்லத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

கோவா அடுப்பில் சாம்பலைக்கூட அள்ளாமல் போட்டிருந்தார்கள். சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். எப்போதும் பால் காய்கிற வீட்டில் அன்று எந்த வாடையும் இல்லை. முத்தாத்தாள் அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்த மாவைத் துண்டு துண்டாகப் பிடித்துத் தாம்பாளத்தில் வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று விரல் தடம்.

"என்ன பெரியம்மா, சப்பாத்திக்கும் சீல் குத்துதீக?" என்று கேலி பண்ணினேன்.

"கை மறந்துரக் கூடாதுல்லாட்டி" என்றாள். அவள் சிரிக்கவில்லை. "மாமியா என்னைய இந்த அடுப்படிக்குள்ள ஒரு வருசம் விடல. பொறவு ஒரு நா கையப் பிடிச்சுப் பாத்துட்டு, ஒன் கை சில்லுனு இருக்கு, நீ வையின்னாவ. இந்தக் கை ஒண்ணுதான் நான் சம்பாதிச்சது. நகை போச்சு, வயக்காடு போச்சு, இது மட்டும் போகலன்னு இருந்தேன்." மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுட்டி, லேப்புல என்ன சொன்னாவ?"

செல்வலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் சொல்லு சொல்லு என்று கண்ணைக் காட்டினேன். சிவபாண்டி கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். கண்ணுச்சாமி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதெல்லாம் இங்கேதான் இருந்தது.

"கெணத்துத் தண்ணிதான் அத்தை" என்றாள் அவள். "தண்ணியிலேருந்துதான் வந்திருக்கு."

முத்தாத்தாள் மூச்சை விட்டாள். "நான் சொன்னேன்லா."

"ஆமா அத்தை. நீங்க சொன்னதுதான். இனிமே காய்ச்சி ஆறவச்ச தண்ணியிலதான் கை நனைக்கணும். அந்தக் கெணத்துத் தண்ணி கையில பட்டிருக்கிறதுனால, கோவா தொடுறதுக்கு முன்னால எல்லாரும் சோப்புப் போட்டுக் கழுவணும். நகத்த வெட்டணும். கண்மாய்க்குப் போயிட்டு வந்தாலும் அங்கேயே போட்டுக் கழுவணும். மேடம் கண்டிப்பாச் சொன்னாவ." பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். "இது லேப்புல நாங்க போடுறது. வாசனையே இருக்காது. மோந்து பாருங்க."

முத்தாத்தாள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மறுபடியும் முகர்ந்தாள். "வாடையில்ல" என்றாள். "சரி."

நான் குழம்புச் சட்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. அவளாகவே, "என்னால முடியலக்கா. மாவப் பாத்தீகளா?" என்றாள். பார்த்தேன் என்றேன். என்னாலும் சொல்லியிருக்க முடியாது என்பதை அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுப்பை மறுபடி மூட்டினார்கள். முதல் சட்டிக் கோவாவிலிருந்து ஒரு பெட்டி லேப்புக்குப் போனது. ஃபாயிஸா மேடமே சோதித்தார். தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. சுத்தம் என்று காகிதம் வந்தது. தாய்மாமன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். மைதீன் பிச்சை தன் கடையில் ஒரு நகலைக் கண்ணாடி போட்டு மாட்டினார். தேரன்றைக்குப் பின்கட்டில் நிற்க இடமில்லை. பால் கேன்கள் வந்துகொண்டே இருந்தன. முத்தாத்தாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, நகம் வெட்டிய விரல்களை ஆறவைத்த தண்ணீரில் நனைத்து நனைத்துத் தடம் வைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவுக்குக் கணக்குச் சரியாகப் போய்விட்டது. கக்கூஸைப் பூட்டினார்கள், கோவா சுத்தமாகிவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? குழாயடியில் பெண்கள் அப்படித்தான் பேசினார்கள். பக்கத்துத் தெருவில் கக்கூஸ் கட்ட வாங்கிப் போட்டிருந்த செங்கலை ஒருத்தர் வேண்டவே வேண்டாம் என்று விற்றுவிட்டார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் பிடித்தேன்.

தேர் முடிந்து ஊர் ஓய்ந்தபிறகு ஒரு நாள் காலைப் பஸ்ஸில் கேட்டேன்.

"அந்தப் பூட்ட எப்பத்தான்ட்டி எடுப்பாவ?"

அவள் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்குக் காலையில கண்மாய்க்கரையில அத்தை கை கழுவிக்கிட்டு இருந்தாவ. நான்தான் சோப்பு ஊத்துனேன். தேச்சுக்கிட்டே கேட்டாவ, 'அன்னைக்கு எல்லார் கையிலயும் குச்சியால எடுத்தியே, அதுல என்ன வந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லையே'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சொம்புத் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தேன். தன் விரல ஒவ்வொண்ணாப் பாத்தாவ. 'சரி'ன்னாவ. பொறவு ரொம்ப நேரம் தேச்சாவ, தோலு உரியிற மாதிரி. போதும் அத்தைன்னு நான்தான் கையப் பிடிச்சேன்."

"பொறவு?"

"சேலையில கையத் தொடச்சுட்டு, இடுப்புலேருந்து சாவிய எடுத்து என் உள்ளங்கையில வச்சாவ. நான் மூடிக்கிட்டேன். கொஞ்ச தூரம் நடந்தோம். தெரு முக்குல குழாயடிச் சத்தம் கேட்டுச்சு. நின்னாவ. 'குடுட்டி'ன்னு கேட்டுத் திரும்ப வாங்கிக்கிட்டாவ."

"வாங்கிக்கிட்டாவளா! எதுக்கு?"

"'இப்பத் தொறந்தா, கக்கூஸ்மேல தப்பில்லன்னா அப்ப பூச்சி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாவள்லா'ன்னாவ." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஏங்கிட்டக் கெஞ்சுற மாதிரி பாத்தாவக்கா. நான் என்ன சொல்ல? பூட்டுனது சரிதான்னு சொன்னதே நான்தானே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. பஸ் பஞ்சு மார்க்கெட்டில் நிற்பதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டாள். நின்றதும் இறங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு லேப் மாடிப்படியைப் பார்த்து ஓடினாள்.